அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை

சென்ற வாரம் லோஷினி "மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணனின் அலுவலகத்திலிருந்து எழுந்து போனாள் அல்லவா? அந்த ஒரு வார்த்தை அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. வாரம் முழுக்க எழுந்து போகவில்லை. சாப்பாட்டு மேசையில் அண்ணன் பேசவில்லை. அண்ணி பாதி பேசினாள். அம்மா மட்டும் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்கூடாயில், ஒரு கடைவீட்டு மாடியில், ரூபேந்திரன் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறான். செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலைகளின் இயந்திரங்களை இயக்கும் மென்பொருள் அவனுடையது. பொந்தியான், லாயாங் லாயாங், லாபிஸ் என்று ஜொகூர் மாநிலத்தில் பல ஆலைகளில் அதுதான் ஓடுகிறது. அதற்கு வழிகாட்டி நூல் எழுதுகிறவள் தங்கை லோஷினி. எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது, எது பழுதானால் என்ன செய்வது என்பதெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் அதில் இருக்கும்.

அந்த நூலுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் கையால் செய்து பார்க்காததை யாரும் அதில் எழுதக்கூடாது. செய்தவர் 'நான் இப்படிச் செய்தேன், இப்படி ஆயிற்று' என்று எழுதிப் பக்கத்தின் மூலையில் தன் பெயரைப் போட வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் வேறு யாருமில்லை, ரூபேந்திரன்தான். அலுவலகத்தில் ஒரு மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றாத காலத்தில் போட்ட சட்டம் அது.

இப்போது சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் இவர்களோடு கூட்டுச் சேர வந்திருக்கிறது. நூலில் 'நான்', 'நாங்கள்' எதுவும் இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை. உலகமெங்கும் தொழில்நுட்ப நூல்களை அப்படித்தான் எழுதுகிறார்கள். லோஷினியும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. "சில பக்கத்துல எடுக்கலாம். சில பக்கத்துல எடுத்தா ஆபத்து. ஒவ்வொண்ணா பார்த்துச் செய்யணும், ஒரு மாசம் கொடு" என்றுதான் கேட்டாள். அண்ணன் ஒரு வாரம் கொடுத்தான். அவள் மாட்டேன் என்றாள். அவன், நூலைத் திருத்தவும் ஆலைகளுக்கு மெயில் அனுப்பவும் அவளிடம் இருந்த கடவுச்சொல்லைப் பிடுங்கி, கணக்கு வழக்குகளைப் பார்க்கும் தன் மனைவி சாந்தினியிடம் கொடுத்தான்.

அவ்வளவுதான் கதை. இனி இந்தச் சனிக்கிழமை.

"எல்லாரும் 'நான்'ங்கறதை விடணும்னுதான் கோயிலுக்குப் போறாங்க. நீ அதைக் கெட்டியா புடிச்சிக்கிட்டு அண்ணன்கிட்ட சண்டை போடுற" என்றாள் அம்மா கஸ்தூரி, நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே.

"அம்மா, அது வேற, இது வேற."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான். உனக்கு உன் பேரு அதுல இருக்கணும். அதானே?"

லோஷினிக்குச் சுருக்கென்றது. வேறு யாராவது சொல்லியிருந்தால் வாயாடியிருப்பாள். பெற்றவளே ஆணவக்காரி என்று முத்திரை குத்தினால் என்ன செய்வது? காப்பியைக் குடித்தாள்.

ரூபேந்திரன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். முழுக்கைச் சட்டை, கழுத்துப்பட்டை, புதுக் காலணி. ஜொகூர் வெயிலுக்கு முழுக்கைச் சட்டை எதற்கு என்று கேட்காதீர்கள். அவன் எப்போதும் முழுக்கைதான் போடுவான்.

"முடிஞ்சிருச்சு" என்றான் தங்கையைப் பார்த்து. ஒரு வாரத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை. "சாந்தினி ரெண்டே நாள்ல முடிச்சிட்டா. காலையில எல்லா ஆலைக்கும் புது புக்கு போயாச்சு. மத்தியானம் அவங்க வர்றாங்க, சைன் பண்றோம். நீ இல்லாமலும் வேலை நடக்குது, பார்த்தியா?"

எனக்கு இவன் மேல் கோபம்தான், மறைக்க மாட்டேன். (இந்தக் கதையில் 'நான்' வரக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.) ஜெயித்தவன் சும்மா இருக்கலாம். இவனுக்கு அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் காப்பி இறங்காது.

லோஷினி கைப்பேசியில் புது நூலைத் திறந்தாள். குறை கண்டுபிடிக்கும் ஆத்திரத்தோடுதான் திறந்தாள். ஆனால் முதல் பக்கங்கள் நன்றாகவே இருந்தன. அவள் எழுதியதைவிடச் சுருக்கம். வளவளப்பு இல்லை. சில இடங்களில், அட, இதை நாமே இப்படி எழுதியிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. அதை வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

பிறகு ஸ்டெரிலைசர் பக்கம் வந்தது.

ஸ்டெரிலைசர் என்பது செம்பனைக் குலைகளை ஆவியில் வேகவைக்கும் ராட்சத இரும்பு உருளை. குலைகளை வண்டி வண்டியாக உள்ளே தள்ளிக் கதவை மூடி ஆவியைத் திறப்பார்கள். வெந்த பிறகு ஆவி முழுக்க இறங்கினால்தான் கதவைத் திறக்கலாம். ஆவியின் அழுத்தத்தைக் காட்ட முள் வைத்த ஒரு மானி உண்டு; ஆவி இறங்கிவிட்டதா என்று பார்த்துச் சொல்ல ஒரு சென்சாரும் உண்டு. அது பச்சை காட்டாத வரை மென்பொருள் கதவின் பூட்டை விடாது. பழுது பார்ப்பவர்களுக்காக மட்டும் 'பைபாஸ்' என்று ஒரு வழி இருக்கிறது. அதைப் போட்டால் சென்சார் என்ன சொன்னாலும் பூட்டு விட்டுவிடும்.

பழைய நூலில் அந்தப் பக்கம் இப்படி இருந்தது. நம் தமிழில் தருகிறேன்:

'லாபிஸில் சென்சார் பழுதான அன்று நான் பைபாஸ் போட்டேன். மானி பூஜ்யம் காட்டியது. கதவைத் திறந்தேன். மானியும் பழுது என்று எனக்குத் தெரியாது. உள்ளே இருந்த ஆவி என் கையைப் பொசுக்கியது. நான் இதைச் செய்திருக்கக் கூடாது. நீங்கள் செய்யாதீர்கள். ஆவியை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.'

மூலையில் பெயர்: ரூபேந்திரன்.

புது நூலில் அதே பக்கம்:

'சென்சார் பழுதானால்: 1. பைபாஸ் போடவும். 2. மானி பூஜ்யம் காட்டுவதை உறுதி செய்யவும். 3. கதவைத் திறக்கவும்.'

மூலையில் பெயர் இல்லை.

லோஷினி இரண்டு முறை படித்தாள். கையிலிருந்த காப்பிக் கோப்பையை மேசையில் வைக்கத் தெரியாமல் வைத்தாள். கொட்டியது.

"அண்ணா, சட்டைக் கையை மடக்கு."

"என்ன?"

"வலது கையை மடக்கு. அம்மா பார்க்கட்டும்."

"இவளுக்கு என்ன ஆச்சு?" என்றான் ரூபேந்திரன், அம்மாவிடம்.

லோஷினி அந்தப் பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் படித்தான். அவனுக்குப் புரிய நேரமாகவில்லை. முகம் வெளுத்ததிலேயே தெரிந்தது.

"அம்மாகிட்ட என்ன சொன்னே அப்ப? மெஷின் தானா வெடிச்சிருச்சுன்னு சொன்னே. நீதான் திறந்தே. பைபாஸ் போட்டுத் திறந்தே. அதை நீயே புக்குல எழுதினே. அன்னிக்கு உன்மேல எனக்கு எவ்வளவு மரியாதை இருந்துச்சு தெரியுமா? இப்ப என்னடான்னா அதே தப்பை எல்லாரையும் செய்யச் சொல்லி நம்பர் போட்டு அனுப்பியிருக்கோம்."

அம்மா மகனின் கையைப் பார்த்தாள். அந்தக் கைக்கு மாதக்கணக்கில் மருந்து போட்டவள் அவள். "நீயாப்பா திறந்தே?" என்று மட்டும் கேட்டாள். அவன் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இப்பவே எல்லாருக்கும் சொல்லணும்" என்றாள் லோஷினி. "அந்தப் பக்கம் தப்புன்னு மெயில் அனுப்பு."

"திங்கட்கிழமை அனுப்பலாம் லா."

"திங்கட்கிழமையா?"

"யோசிச்சுப் பேசு. இன்னும் கொஞ்ச நேரத்துல அவங்க வந்துருவாங்க. எல்லா மெயிலும் அவங்களுக்கும் வரணும்னு பேர் சேர்த்திருக்காங்க. 'எங்க புக்கு தப்பு, ஆள் செத்துப் போகலாம்'னு சொன்னா சைன் பண்ணுவாங்களா? ஆபீஸ்ல இருக்கிற எல்லார் வேலையும் இதுல இருக்கு. சென்சார் தினமுமா பழுதாகுது? நான் மெதுவா ஒவ்வொரு ஆலைக்கும் போன் பண்ணிச் சொல்றேன்."

"இப்ப பண்ணு. என் முன்னாடி பண்ணு."

அவன் பண்ணவில்லை. நேரத்தைப் பார்த்தான்.

"பழம் குவியற மாசம் இது. ஆலை ராப்பகலா ஓடுது. உன் கையை மறைக்கறதுக்கு இன்னொருத்தன் கையைக் கேக்கறே, அண்ணா. நான் கொடுக்க மாட்டேன்."

அவளே போனை எடுத்தாள். பொந்தியானில் எடுத்தார்கள், கேட்டார்கள், அந்தத் தாளை உடனே எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். லாபிஸில் எடுத்தவன், "கம்பெனி மெயில் வந்தாத்தான் மாத்த முடியும், மேனேஜர் ஏசுவாரு" என்றான். லாயாங் லாயாங்கில் யாரும் எடுக்கவே இல்லை. அங்கே பொறுப்பில் இருக்கும் மூர்த்தி ஆலைக்குள் போய்விட்டால் இரைச்சலில் போன் கேட்காது. அந்த ஆலையின் சென்சார்தான் மழை பெய்தாலே மக்கர் செய்யும். முந்தின நாள் கொட்டித் தீர்த்திருந்தது.

லோஷினி கார்ச் சாவியை எடுத்தாள்.

"இரு, நானும் வர்றேன்."

சாந்தினி. அடுப்படி வாசலில் இவ்வளவு நேரமும் நின்றுகொண்டு, தன் கைப்பேசியில் அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கவில்லை. ஆனால் காதிலிருந்த ஒரு தோட்டைக் கழற்றி, ஏன் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க போற? அவங்க வர்றப்ப நீ ஆபீஸ்ல இருக்கணும்" என்றான் ரூபேந்திரன்.

"இருக்க மாட்டேன்" என்றாள் சாந்தினி.

அந்த வீட்டில் இது புது ஆள் சொன்ன மாட்டேன். உள்ளதைச் சொன்னால் எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

நெடுஞ்சாலையில் லோஷினி ஓட்டிய வேகத்தை இங்கே எழுதினால் போலீஸ் சம்மன் வரும். கூலாயும் தாண்டியாயிற்று. சாந்தினி விடாமல் மூர்த்தியின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"திட்டிடு" என்றாள் திடீரென்று. "மனசுல வச்சிக்காதே."

"எப்படி அண்ணி பண்ணீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"நான் ஒவ்வொரு வரியா படிக்கலே. சிங்கப்பூர்க்காரங்க கொடுத்த விதியை அப்படியே ஏஐகிட்ட போட்டேன். நான், நாங்கள் வேணாம். சொந்தக் கதை வேணாம். செஞ்சேன்னு இருக்கறதைச் செய்யவும்னு மாத்து, நம்பர் போடு. மாத்திக் கொடுத்துச்சு. கடைசியில எங்கேயாவது 'நான்' மிச்சம் இருக்கான்னு தேடிப் பார்த்தேன். ஒண்ணுகூட இல்லே. நிம்மதியா தூங்கினேன்."

லோஷினிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். தப்பு எங்கே நடந்ததென்று நேராகச் சொல்லிவிட்டவளிடம் எப்படிக் கோபப்படுவது?

"அண்ணா பார்க்கலையா, அனுப்பறதுக்கு முன்னாடி?"

சாந்தினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாலையோரச் செம்பனைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"பார்த்தார். என் லேப்டாப்பை வாங்கி ஒரே ஒரு பக்கத்தைத்தான் திறந்தார். அந்தப் பக்கம். மூலையில பேரு இருக்கான்னு பார்த்தார். இல்லே. 'நல்லாருக்கு, அனுப்பு'ன்னார்."

"படிச்சானா?"

"அதைத்தான் நானும் வண்டியில ஏறினதிலேருந்து யோசிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றாள் சாந்தினி. "படிக்காம சொல்லியிருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்."

சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினார்கள். லாயாங் லாயாங் போகும் சாலையில், ஆலைக்கு வெகு முன்பாகவே, பழம் ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நின்றன. லாரிகள் நின்றால் உள்ளே ஏதோ நின்றிருக்கிறது என்று அர்த்தம். எதிர்ப்பக்கத்தில் ஏறி லாரிகளைத் தாண்டினாள்.

காவலாளி கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. தலைக்கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு ஓடினாள். பின்னால் சாந்தினி, அலுவலகத்துக்கென்று கட்டியிருந்த சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

ஸ்டெரிலைசர் கூடத்தில் வெக்கையும் இரைச்சலும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல் புதுத் தாள் ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நாலு மூலையிலும் டேப் அடித்து, அவ்வளவு மரியாதையாக ஒட்டியிருந்தார்கள். திரையில் 'பைபாஸ்' என்ற சொல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. கதவின் பக்கத்தில் ஓர் ஆள் கையுறை மாட்டிக்கொண்டு நின்றான்.

லோஷினி கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை. பெட்டியிடம் பாய்ந்து பைபாஸை எடுத்துவிட்டாள். கதவு டக்கென்று மறுபடி பூட்டிக்கொண்டது.

"அலமாக்! என்ன தங்கச்சி பண்றீங்க?" மூர்த்தி ஓடி வந்தார். "வெளிய லாரி நிக்குது பாருங்க. காலையிலேருந்து சென்சார் செத்துப்போச்சு. நீங்க அனுப்பின தாளைப் பார்த்துத்தான் செஞ்சிக்கிட்டு இருக்கோம். மானி பூஜ்யம்தான் காட்டுது!"

"மானியை நம்பாதீங்க அண்ணே. கதவுக்குக் கீழ சின்ன குழாய் இருக்கே, அதைத் திறங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

மூர்த்தி முணுமுணுத்துக்கொண்டே நீளக் கம்பியால் அந்தக் குழாயின் பிடியைத் தட்டிவிட்டார்.

ஆவி அலறிக்கொண்டு வந்தது. சுவர் வரை பாய்ந்தது. கையுறைக்காரன் நாலடி பின்னால் போய் விழுந்தான். மானியின் முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது.

கையுறைக்காரன் எழுந்து உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சாந்தினி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மூர்த்தி அந்தத் தாளின் முன்னால் போய் நின்றார். "முன்னெல்லாம் இதுல உங்க அண்ணன் பேரு இருக்கும்" என்றார். "இப்ப யாருமே இல்லே. சரி, பெரிய கம்பெனி ஆயிட்டாங்க, இனிமே இப்படித்தான் போலன்னு நெனச்சேன். நீங்க அனுப்பினதுன்னு நம்பித்தானே தங்கச்சி பைபாஸ் போட்டேன்?"

அவர் திட்டியிருந்தால் தேவலை. லோஷினி தலை குனிந்து நின்றாள். அவள் எழுதாத பக்கம்தான். ஆனாலும் குனிந்தாள்.

"கிழிச்சிடுங்க அண்ணே."

"கிழிக்கிறேன். ஆனா அடுத்த ஷிஃப்ட்காரன் மெயிலைப் பார்த்து மறுபடி ஒட்டுவான். எங்க மேனேஜரும் நான் சொன்னேன், நீங்க சொன்னீங்கன்னா கேக்க மாட்டாரு. கம்பெனி எழுத்து வேணும்."

லோஷினி அண்ணனைக் கூப்பிட்டாள். எடுத்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான். வந்துவிட்டார்கள், அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றான். அவள் நடந்ததைச் சொன்னாள். ஆவி அலறியதைச் சொன்னாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலே. இப்பவே மெயில் அனுப்பு."

"சைன் ஆகட்டும். இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்புறம் 'ஒரு பிழை கண்டறியப்பட்டுள்ளது'ன்னு ஒழுங்கா ஒண்ணு தயார் பண்ணி அனுப்பிடலாம்." வைத்துவிட்டான்.

லோஷினி போனைப் பார்த்தபடி நின்றாள். அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. அவளிடம் கடவுச்சொல் இல்லை. அவள் சொன்னால் கேட்க ஆளில்லை. ஓடி வந்து ஒரு கதவை மூடினாள், மற்றக் கதவுகளுக்கு ஓட அவளிடம் எத்தனை கால் இருக்கிறது?

திரும்பிப் பார்த்தாள். சாந்தினி, ஆலை அலுவலகத்தின் படியில் சேலை எண்ணெயில் படுவதைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்து, கைப்பேசியில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி?"

"கடவுச்சொல் என்கிட்டத்தானே இருக்கு."

லோஷினி பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். மலாயில் இருந்தது:

'நான் சாந்தினி. இன்று காலை உங்களுக்கு வந்த புது நூலை மாற்றி அனுப்பியவள் நான். ஸ்டெரிலைசர் கதவைப் பற்றிய பக்கத்தைச் சரிபார்க்காமல் அனுப்பினேன். அதைப் படித்து இன்று லாயாங் லாயாங்கில் பைபாஸ் போட்டார்கள். மானி பூஜ்யம் காட்டியது. உள்ளே ஆவி இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். சென்சார் பழுதானால் ஆவியை நிறுத்துங்கள். கதவைத் தொடாதீர்கள். லோஷினியைக் கூப்பிடுங்கள்.'

கீழே இருவருடைய எண்களும் இருந்தன.

"அண்ணி, உங்க பேரு வேணாம்" என்றாள் லோஷினி. வாரம் முழுக்க 'நான்'காகச் சண்டை போட்டவள்தான் இதைச் சொன்னாள். "நாளைக்குக் கேஸு கீஸுன்னு வந்தா உங்களைத்தான் புடிப்பாங்க. கம்பெனி பேருல அனுப்புங்க, போதும்."

"கம்பெனிக்குக் கையா இருக்கு, வெந்து போறதுக்கு?" என்றாள் சாந்தினி. அனுப்பிவிட்டாள்.

ஆலைகளுக்கெல்லாம் போனது. பட்டியலில் பெயர் சேர்த்திருந்த சிங்கப்பூர்க்காரர்களுக்கும் போனது. மூர்த்தியின் கைப்பேசி சிணுங்கியது. அவர் படித்தார். நேரே மேனேஜரைத் தேடிப் போனார்.

ரூபேந்திரனின் அழைப்பு உடனே வந்தது. சாந்தினி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"யாரைக் கேட்டு அனுப்பினே?"

"யாரையும் கேக்கலே."

"உனக்குப் பைத்தியமா? இப்ப அவங்க ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க! நான் வெளிய வந்து பேசிக்கிட்டு இருக்கேன். கேளு. அந்த மெயில் தவறுதலா போயிருச்சுன்னு நீயே இன்னொண்ணு அனுப்பு. இல்லேன்னா நான் அனுப்ப வேண்டியிருக்கும்."

"தாராளமா அனுப்புங்க" என்றாள் சாந்தினி. "ஆனா 'போயிருச்சு'ன்னு அனுப்பாதீங்க. 'ரூபேந்திரனாகிய நான் சொல்றேன், பைபாஸ் போட்டுக் கதவைத் திறங்க'ன்னு எழுதுங்க. மூலையில பேரைப் போடுங்க. உங்க வலது கையாலேயே எழுதுங்க. எழுத முடியுமா உங்களால?"

கல்யாணமான நாளிலிருந்து சாந்தினி அவனிடம் இப்படிப் பேசியதில்லை. லோஷினி அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் ஒரு கதவு திறக்கும் சத்தம். ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல், அமைதியான குரல், கேட்டது. "மிஸ்டர் ரூபேந்திரன், இந்தச் சாந்தினி யார்? அவர் எழுதியிருப்பது உண்மையா?"

ரூபேந்திரன் தொண்டையைச் செருமினான்.

லைன் அறுந்தது. அவன் துண்டித்தானா, சிக்னல் போனதா, தெரியவில்லை.

"அண்ணா என்ன சொல்லியிருப்பான்?" என்றாள் லோஷினி. "அண்ணி, அவன் எல்லாப் பழியையும் உங்க தலையில கட்டிட்டா?"

"என்ன வேணா சொல்லிக்கட்டும்." சாந்தினி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். கறை போகவில்லை. "நீ லாபிஸுக்குப் போன் போடு. கிழிச்சாச்சான்னு கேளு. 'பார்க்கறேன்'னு சொன்னா விடாதே. யார் கிழிச்சதுன்னு பேரைக் கேளு."